பெட்டி சொல்லும் மைலேஜ்

டர்போ காருக்கு டியூனிங் பாக்ஸ் மாட்டியவர்கள் எழுதும் அனுபவக் குறிப்புகளில் இரண்டு விஷயம் தவறாமல் வரும். ஒன்று, பிக்கப் பிச்சுக்கிட்டு போகுது. இன்னொன்று, மைலேஜும் கூடியிருக்கு, மீட்டர்லயே காட்டுது. முதலாவது பெரும்பாலும் உண்மை. இரண்டாவதில்தான் எனக்குச் சிக்கல். அந்த மீட்டருக்குக் கணக்கு போட்டுக் கொடுப்பது யாரோ, அவரைத்தான் இந்தப் பெட்டி ஏமாற்றிக்கொண்டிருக்கிறது. ஏமாந்தவரையே சாட்சிக்குக் கூப்பிட்டால் வேறென்ன சொல்வார்?

முதலில் ஒரு கழிவை ஒதுக்கிவிடுவோம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகினால் போதும், பவர் கூடும், டீசல் மிச்சமாகும் என்று சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் ஒரு சாமான் விற்கிறார்கள். 2018-இல் குவார்க்ஸ்லேப் என்ற பிரெஞ்சு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் நைட்ரோ ஓபிடி2 என்ற பெயரில் விற்கும் அப்படி ஒன்றைப் பிரித்து மேய்ந்தது. உள்ளே எல்இடி விளக்குகளை மின்ன வைக்கும் ஒரு சில்லுதான் இருந்தது. காரோடு அது ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அதைப் பற்றி மேலே எழுத ஒன்றுமில்லை.

நான் பேச வருவது நிஜமாகவே வேலை செய்யும் பெட்டி. பல ஆயிரம் ரூபாய் விலை. போனட்டைத் திறந்து, டீசல் காரென்றால் காமன் ரெயிலின் பிரஷர் சென்சாரில் இருக்கும் கனெக்டரைக் கழற்றி, அந்த இடத்தில் பெட்டியின் ஒயரை நடுவில் கோர்க்க வேண்டும். பெட்ரோல் டர்போவில் பூஸ்ட் அளக்கும் சென்சாரில் இதே வேலை. இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, இசியு முழுக்கத் தூங்கியபிறகு கழற்றினால் எரர் கோடு விழாது. பெட்டியைச் சூடு படாத, தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து கேபிள் டை போட்டுக் கட்டினால் முடிந்தது. அரை மணி நேர வேலை. கழற்றுவதும் அவ்வளவுதான். இந்த எளிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், யோசித்தவர் கெட்டிக்காரர்.

எங்கள் தொழில் பாஷையில் இதற்கு மேன் இன் த மிடில் என்று பெயர். இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது நடுவில் ஒருவர் உட்கார்ந்து செய்தியை மாற்றிச் சொல்வது. ரீமேப் என்பது வேறு: அதில் இசியுவுக்குள் இருக்கும் அட்டவணைகளையே திருத்துகிறார்கள். சரியாகச் செய்தார்களா என்பது தனிக் கேள்வி, ஆனால் இசியுவுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியும். பெட்டி விஷயத்தில் அதற்குத் தெரியாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இசியு ரெயிலில் 1400 பார் அழுத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் செட்டிங் 10 சதவீதம். ரெயிலில் உண்மையில் 1400 இருக்கும்போது பெட்டி கிட்டத்தட்ட 1270 என்று சொல்லும். அடடா, பத்தலையே என்று இசியு பம்பை இன்னும் விரட்டும். கடைசியில் தனக்கு 1400 தெரிந்ததும் திருப்தியாகிவிடும். அப்போது உண்மையான அழுத்தம் 1540.

இன்ஜெக்டர் என்பது கடைசியில் ஒரு துளை. துளை வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் 10 சதவீதம் கூடினால், அதே நேரம் திறந்திருக்கும் இன்ஜெக்டர் சுமார் 5 சதவீதம் அதிக டீசலை ஊற்றும். கூடுதல் பவர் வருவது இந்த 5 சதவீதத்தில்தான். மந்திரம் ஒன்றுமில்லை.

மைலேஜ் மீட்டரில் ஓடும் எண், டாங்கில் எவ்வளவு குறைந்தது என்று அளந்து வருவதில்லை. நான் இவ்வளவு ஊற்றச் சொன்னேன் என்று இசியு கூட்டி வைத்திருக்கும் கணக்கு அது. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போக இன்ஜினுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு டீசல் வேண்டும். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காரின் எடையும் மாறவில்லை, காற்றின் எதிர்ப்பும் மாறவில்லை. பெட்டி இருந்தால் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறைவாக மிதித்தாலே அந்த டீசல் கிடைத்துவிடும். இசியு தன் நோட்டில் 5 சதவீதம் குறைத்து எழுதிக்கொள்ளும். லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி மீட்டரில் 21 காட்டும். டாங்கில் அதே 20-தான். எரிதலில் வரும் சின்னச் சின்ன மாற்றங்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சில பெட்டிகள் லோடு ஏறும்போது மட்டும்தான் வேலை செய்யும், அவற்றில் மீட்டர் பொய்யும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் 5 சதவீதம் மைலேஜ் கூடியது என்று ஒருவர் மீட்டரைப் படம் பிடித்துப் போடும்போது, பெட்டி எவ்வளவு பொய் சொல்கிறது என்பதைத்தான் அவர் அளந்து காட்டியிருக்கிறார்.

பெட்ரோல் டர்போவில் கதை கொஞ்சம் வேறு. அங்கே சைலன்சர் பக்கம் ஆக்சிஜன் சென்சார் என்று இரண்டாவது சாட்சி இருக்கிறது. காற்று குறைவு என்று பெட்டி சொன்னதை நம்பி இசியு பெட்ரோலைக் குறைத்தால், இது பத்தலை என்று அந்தச் சென்சார் காட்டிக்கொடுக்கும். அதனால் மீட்டர் அவ்வளவாக ஏமாறாது. ஆனால் பூஸ்ட் ஏறினால் சூடும் ஏறும். நம் ஊர் சாதா பெட்ரோல், சித்திரை வெயில், ஏசி ஓடுகிறது. நாக் சென்சார் தட்டும் சத்தத்தைக் கேட்டதும் இசியு டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். காசு கொடுத்து வாங்கிய பவரில் ஒரு பங்கு எக்ஸாஸ்ட் சூடாகப் போய்விடும்.

அடுத்து அட்ஜஸ்ட்மென்ட். பெட்டியில் சின்ன ரோட்டரி சுவிட்ச் இருக்கும், சிலதில் 0 முதல் 9 வரை, பிறகு ஏ முதல் எஃப் வரை. (ஹெக்ஸாடெசிமலை மெக்கானிக் கையில் கொடுத்த ஒரே சாமான் இதுவாகத்தான் இருக்கும்.) புது மாடல் என்றால் போனில் ஆப். குறைந்த செட்டிங்கில் ஆரம்பி, ஒவ்வொரு படியாக ஏற்று, கரும்புகை வந்தாலோ இன்ஜின் லைட் எரிந்தாலோ ஒரு படி இறக்கு. காகிதத்தில் இருக்கும் வழிமுறை பெரும்பாலும் இவ்வளவுதான்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதை வைத்து ஏற்றுகிறோம், எதை வைத்து இறக்குகிறோம்? ஓபிடி ஸ்கேனரைச் செருகி ரெயில் பிரஷர் பார்த்தால் 1400 என்றே காட்டும். ஸ்கேனர் இசியுவைத்தான் கேட்கும், இசியு பெட்டியைத்தான் கேட்கும். 10 சதவீதம் வைத்தாலும் 20 வைத்தாலும் ஸ்கேனரில் அதே எண். இன்ஜின் லைட் எரிவதும் எல்லை தாண்டிய பிறகுதான்: பம்பை இவ்வளவு விரட்டியும் அழுத்தம் ஏறலையே என்று இசியு சந்தேகப்பட்டு லிம்ப் மோடுக்குப் போகிறது. ஆக, கையில் ஒரு அளவுகோலும் இல்லாமல் கண்ணையும் காதையும் நம்பி ஒரு சுவிட்சைத் திருகுகிறோம். இதற்கு டியூனிங் என்ற பெயர் கொஞ்சம் அதிகம்.

உண்மையை அளக்க வழி இருக்கிறது, கஷ்டமும் இல்லை. சென்சார் பொதுவாக 5 வோல்ட் சப்ளையில், 0.5 முதல் 4.5 வோல்ட் வரை சிக்னல் தரும். 4.5 வோல்ட் என்பது 1800 பார் என்று வைத்தால், 1400 பாருக்கு 3.61, 1540-க்கு 3.92. பெட்டிக்கு முன்னால் உள்ள ஒயரிலும் பின்னால் உள்ள ஒயரிலும் மல்டிமீட்டர் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஓட்டுபவர் ஒருவர், மீட்டர் பார்ப்பவர் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். மைலேஜுக்கு அதைவிடச் சுலபம்: அதே பங்க், அதே நாசில், ஆட்டோ கட் ஆகும் வரை ஃபுல் டாங்க். சென்னை போய்த் திரும்பி அங்கேயே மறுபடி ஃபுல் டாங்க். கிட்டத்தட்ட 370 கிலோமீட்டர் வரும். பெட்டியோடு மூன்று தடவை, இல்லாமல் மூன்று தடவை. விற்பவர்கள் யாரும் இதைச் செய்து காட்டி நான் பார்த்ததில்லை.

கம்பெனிக்காரன் பவரைப் பூட்டி வைத்திருக்கிறான், நாங்க திறந்து விடுறோம் என்ற வாதத்தையும் பார்த்துவிடுவோம். இதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட். ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறன், எர்டிகாவில் 90. ஒரே இன்ஜின், சாஃப்ட்வேர்தான் வித்தியாசம் என்பார்கள். இல்லை. 75-இல் இருப்பது சாதாரண டர்போ. 90-இல் இருப்பது வேன்கள் திரும்பும் வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ. டீசலை மட்டும் ஏற்றிக் காற்றை அதே அளவில் விட்டால் மிஞ்சுவது புகை.

ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் இன்னும் நல்ல பாடம். அதன் 1.0 டர்போ மேனுவல் கியரில் 160 நியூட்டன் மீட்டர் டார்க் தரும். சிவிடி கியர்பாக்ஸ் வைத்தால் 152. அதே இன்ஜினில் 8 நியூட்டன் மீட்டரைக் கம்பெனியே குறைத்து வைத்திருக்கிறது என்றால், காரணம் கியர்பாக்ஸ் பக்கம்தான் இருக்க வேண்டும். பூட்டு என்று சொல்லப்படுவதில் பாதி இப்படிப்பட்டது. அந்தக் காருக்கு ஒரு பெட்டியை மாட்டினால் முதலில் காணாமல் போவது அந்த 8-தான். எல்லா வண்டியும் அப்படி என்று சொல்லவில்லை. போலோ ஜிடி டிஎஸ்ஐயின் இன்ஜின் 175 தந்தது, அதன் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி 250 வரை தாங்கும். அங்கே இடமிருந்தது. எங்கே இடமிருக்கிறது, எங்கே இல்லை என்பது வண்டிக்கு வண்டி மாறும். பெட்டி அட்டையில் எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி 25 சதவீதம் என்று போட்டிருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

தேவனாம்பட்டினத்தில் இருப்பவனாக ஒன்று. இங்கே உப்புக் காற்று சைக்கிள் பெல்லைக்கூட விடாது. தொழிற்சாலையில் சீல் பண்ணி வந்த ஒரு கனெக்டர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு இணைப்பு, நடுவில் ஒரு நீள ஒயர். பின்னில் பச்சை பூத்தால் சிக்னல் தடுமாறும். பிறகு இன்ஜின் லைட் எரிவதற்குக் காரணம் பம்பா, சென்சாரா, இன்ஜெக்டரா என்று மெக்கானிக் நாள் கணக்கில் தேடுவார், பெட்டி இருப்பதை யாராவது அவரிடம் சொல்லும் வரை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று வந்தது. ஆனால் போனட்டைத் திறந்து பார்க்கப் போவது யார் என்ற தைரியத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. சர்வீசுக்கு விடும் முன் கழற்றிவிடலாம், தடயமே இருக்காது என்பது விளம்பரத்தின் முக்கியமான வாசகம். வாரண்டியில் இருந்து தப்பிப்பது மாட்டியவர் பாடு, அதில் நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் அதே தடயமின்மைதான் அந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்குபவரிடமும் வேலை செய்கிறது.

மாருதி 2020-இல் பிஎஸ்6 வந்ததோடு டீசல் காரை நிறுத்திவிட்டது. அதனால் நல்ல நிலையில் உள்ள டீசல் ஸ்விஃப்டுக்கும் டிசையருக்கும் இன்னும் ஆள் இருக்கிறது, முக்கியமாக டாக்சி ஓட்ட நினைப்பவர்கள். ஆண்டுக்கணக்கில் அதிக அழுத்தத்தில் ஓடிய பம்பு, அதிகச் சூடு பார்த்த டர்போ, தேய்ந்த கிளட்ச், எல்லாம் நகையை அடகு வைத்து வாங்கும் ஒருவர் தலையில் விழும். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரி இருக்காது.

முழுக்கக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. டார்ச் எடுத்துக்கொண்டு ரெயில் சென்சாரின் கனெக்டரைப் பாருங்கள். அந்த இடத்தை சாதாரண சர்வீசில் யாரும் தொட மாட்டார்கள். சுற்றியிருப்பதெல்லாம் தூசி படிந்திருக்க இது மட்டும் துடைத்தது போல இருந்தாலோ, பிளாஸ்டிக் லாக்கில் ஸ்க்ரூ டிரைவர் கீறியிருந்தாலோ, பேட்டரி பக்கத்தில் எதையும் கட்டாத கேபிள் டை ஒன்று தொங்கினாலோ, விலை பேசுவதற்கு முன்னால் அது ஏன் என்று கேளுங்கள்.