குளச்சல் போரா, குளச்சல் முற்றுகையா?

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூண் 1741ஆம் ஆண்டின் நினைவுச் சின்னம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பணிந்த அந்நிகழ்ச்சியைப் பாடநூல்களும் கலைக்களஞ்சியங்களும் ‘குளச்சல் போர்’ என்றே குறிக்கின்றன. இரு படைகள் எதிரெதிர் நின்று ஒரு பகலில் மோதித் தீர்த்துக்கொண்டதான சித்திரம் அப்பெயரைக் கேட்டதும் மனத்தில் எழுகிறது. நடந்ததோ வேறு.

1740 நவம்பர் இறுதியில் டச்சுக் கப்பல்கள் குளச்சல் கரையைப் பீரங்கியால் தாக்கின. அங்கிருந்து குமரிமுனை வரை கடல்வழி அடைக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மேலும் கப்பல்கள் வந்தன. கரையிறங்கியவர்கள் குளச்சலில் மரக்காப்பரண் ஒன்றை அமைத்துக்கொண்டனர். பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. திருவிதாங்கூர்ப் படை அக்காப்பரணைச் சூழ்ந்துகொண்டது. ஜாவாவில் போரில் சிக்கியிருந்த பத்தாவியாவிலிருந்து துணைப்படை வரவில்லை. ஆகஸ்டில் ஒரு பீரங்கிக் குண்டு வெடிமருந்துப் பீப்பாயில் விழ, மூண்ட தீயில் உள்ளிருந்த அரிசி முழுதும் எரிந்துபோனது. உண்ண வழியற்றவர்கள் சரணடைந்தனர். வாளினும் பசியே தீர்ப்பு எழுதிய நிகழ்ச்சி இது. இதன் பெயர் முற்றுகை.

இந்த வேறுபாடு நம் மொழிக்குப் புதிதன்று. மதில் வளைத்தலை உழிஞை என்றும், களத்தில் எதிர்நின்று பொருதலைத் தும்பை என்றும் தொல்காப்பியம் பிரித்தது. புறப்பொருள் வெண்பாமாலை இன்னும் ஒரு படி சென்று, மதிலுக்குள் இருந்து காப்பவனுக்கு நொச்சி என்று தனிப்படலமே வகுத்தது. வெளியே நிற்பவன் ஒருவன், உள்ளே இருப்பவன் இன்னொருவன் என்ற உணர்வு அன்றே இலக்கணத்தில் இடம்பெற்றுவிட்டது. இன்றைய கணினித் தரவுத்தளங்களில் அவ்வுணர்வு தளர்ந்து கிடப்பதே என் குறை.

அறிவு வரைபடம் என்று இப்போது வழங்கப்படும் அமைப்பில், உலகின் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிப்பதிவு உண்டு. 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு இதற்கு எல்லாரும் அறிந்த சான்று. அதில் பெயர் முக்கியமன்று; ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண்ணே அடையாளம். இது எந்த வகையைச் சேர்ந்தது, எங்கே, எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, யார் பங்கேற்றனர், எந்தப் பெருநிகழ்வின் பகுதி என்பன அவ்வெண்ணோடு இணைக்கப்படும் செய்திகள். தேடுபொறியும் செயற்கை அறிவும் இத்தகைய பதிவுகளிலிருந்து விடை எடுக்கின்றன. போர் என்று பதிந்தால் ஒரு நாளைத் தேடிப் பிடித்து எழுதத் தோன்றும். முற்றுகை என்று பதிந்தால் தொடக்கமும் முடிவும் தனித்தனியே கேட்கப்படும். குளச்சலுக்கு ஜூலை 31 என்றும் ஆகஸ்ட் 10 என்றும் இரு நாள்கள் வழங்குகின்றன. பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி என்று இதற்குச் சமாதானம் சொல்லப்படுகிறது. அந்நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி 11 நாள்; சமாதானத்திலும் ஒரு நாள் உதைக்கிறது! மாதக்கணக்கில் நீண்டதை ஒரு நாளில் அடைக்க முயன்றதால் வந்த சங்கடம் இது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. ‘திருச்சிராப்பள்ளி முற்றுகை’ என்றால் எது? 1741 மார்ச்சில் மராட்டியரிடம் நகரை இழந்து சிறைப்பட்டு சதாராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் சந்தா சாகிப். பத்தாண்டு கழித்து, 1751இல், அதே நகரில் முகம்மது அலியை வளைத்துக்கொண்டு வெளியே நின்றவரும் அவரே. அடுத்த ஆண்டு ஜூனில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே 1743இல் நிஜாம் வந்து மராட்டியரிடமிருந்து நகரைப் பெற்றார். ஒரே ஊர் என்பதற்காக யாவற்றையும் ஓர் எண்ணில் கட்டினால், சந்தா சாகிப் தம்மைத் தாமே முற்றுகையிட்டுக்கொண்டவர் ஆகிவிடுவார். சிரிப்புக்கு இடமானதுதான், ஆனால் எந்திரம் சிரிக்காது, அதையே விடையாகச் சொல்லும்.

மதுரையில் இழப்பு இன்னும் பெரிது. கம்பெனிக்காகப் பாளையக்காரர்களை ஒடுக்கி, பின் அதே கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்ற கான்சாகிப் யூசுஃப் கானை நம் வாசகர்கள் அறிவார்கள். 1763இல் மான்சன் தலைமையில் வந்த படை மதுரையை வளைத்தது. சுவரை வெல்ல முடியாமல், மழைக்காலம் நெருங்க, திரும்பிச் சென்றது. மறு ஆண்டு சார்லஸ் காம்பெல் தலைமையில் மீண்டும் வந்தனர். ஜூனில் நடத்திய நேரடித் தாக்குதலையும் கான்சாகிப் முறியடித்தார். அதன்பின் உணவை மறித்துப் பட்டினி போட்டனர். இறுதியில் அவரைப் பிடித்துக்கொடுத்தவர்கள் உள்ளிருந்தவர்களே. 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். ‘மதுரை முற்றுகை, 1763–64, முடிவு: கம்பெனி வெற்றி’ என்று ஒரே வரியில் பதிந்தால் ஒன்றும் பொய்யில்லை, ஆனால் முதல் ஆண்டில் அவர் வென்றார் என்ற உண்மை ஓசையின்றி மறைந்துவிடும். எஸ்.சி. ஹில் 1914இல் எழுதிய நூலின் தலைப்பே அவரைக் கலகக்காரத் தளபதி என்கிறது. நூலாவது உள்ளே விரிவைத் தருகிறது. தரவுத்தளத்திலோ வரியே எல்லாம்.

அப்படியானால் எதை அளவுகோலாகக் கொள்வது? என் கருத்தில், வளைத்த படை விலகி, உள்ளிருந்தோர் வாயிலைத் திறந்து நடமாடிவிட்டால் அங்கே ஒரு முற்றுகை முடிந்தது. மீண்டும் வந்தால் அது வேறொன்று. செஞ்சி இதற்கு அடங்காத நிகழ்ச்சி. 1690இல் தொடங்கிய சுல்ஃபிகார் கானின் முற்றுகை இடையில் தளர்ந்து, ஒதுங்கி, மறுபடி இறுகி, 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. ஒரு தாய்ப்பதிவும் அதன்கீழ்ப் பகுதிப்பதிவுகளும் அமைப்பதே அங்கு வழி.

இஸ்லாமிய வரலாற்றைப் பதிவோருக்கும் இதில் வேலை உண்டு. ஹிஜ்ரி 5இல் மதீனாவைக் கூட்டுப்படை வளைத்ததை கந்தக் என்கிறோம், அஹ்ஸாப் என்கிறோம், அகழ் யுத்தம் என்கிறோம். மூன்று பெயர், ஒரு நிகழ்ச்சி. ஆகவே ஒரே எண். ‘கஸ்வா’ என்ற சொல்லை யுத்தம் என்று பெயர்த்த பழக்கத்தால், ஸல்மான் ஃபார்ஸியின் யோசனைப்படி வெட்டிய அகழியே ஊரைக் காத்த ஒரு முற்றுகை, களப்போர்களின் வரிசையில் வைக்கப்படுகிறது. ஹிஜ்ரி 8இல் தாயிஃப் முற்றுகை ஹுனைனின் வால்போலச் சொல்லப்படுவதும் அவ்வாறே. நபியவர்கள் (ஸல்) அம்முற்றுகையை விலக்கிக்கொண்டார்கள். மறு ஆண்டு அவ்வூரார் தாமே தூது வந்தனர். வெற்றி, தோல்வி என்ற இரு கட்டங்களுள் இது எதிலும் அடங்காது. மேலும், விக்கித்தரவின் நாள் குறிப்பில் ஜூலியன், கிரிகோரியன் இரண்டுக்கே இடமுண்டு. ஹிஜ்ரி நாளை மாற்றித்தான் இட வேண்டும். அம்மாற்றத்தில் ஓரிரு நாள் பிசகலாம் என்பதால், ஐயமுள்ள இடத்தில் ஆண்டோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

குளச்சலுக்கு இரண்டு பதிவுகள் தேவை. ஒன்று, 1740 நவம்பரில் டச்சுக்காரர் கடலை மறித்து இக்கரையை அடைத்தது. அதில் உள்ளே இருந்தவர்கள் இக்கரையின் மீனவர்களும் வணிகர்களும். மற்றொன்று, 1741இல் திருவிதாங்கூர் டச்சுக் காப்பரணை வளைத்தது. அதில் உள்ளே இருந்தவர்களுள் ஒருவர் டி லனாய். சரணடைந்தபின் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தந்து, 1777இல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானவர். கடற்கரைத் தூண் நினைவுகூர்வது இந்த இரண்டாவதை மட்டுமே. முதலாவதற்குத் தரவுத்தளத்திலேனும் ஓர் எண் கிடைக்க வேண்டும்.