பதினைந்து பார் மாயை

வீட்டுக்கு எஸ்ப்ரெஸோ மெஷின் வாங்கப்போகிறீர்களா? ஒரு நிமிஷம்.

அட்டைப்பெட்டியில் ‘15 பார்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். மயங்காதீர்கள். வேண்டியது சுமார் 9 பார் அழுத்தம்தான். 30 செகண்டுக்குள் காபி இறங்கிவிடும்.

சூட்சுமம் அரைப்பில். பாளையங்கோட்டை நண்பர் ஒருவர், ஃபில்டருக்கு அரைத்த தூளையே மெஷினில் போட்டுக் கொடுத்தார். எஸ்ப்ரெஸோவுக்கு இன்னும் நைஸாக வேண்டும். இதில் வெந்நீர் சரசரவென்று ஓடிவிட்டது. முப்பதாயிரம் ரூபாய்க்குக் கழுநீர்! பட்ஜெட்டில் பாதியை நல்ல கிரைண்டருக்கு ஒதுக்குங்கள். உப்புப் படியும் போர் தண்ணியை ஊற்றாதீர்கள்; குழாயில் தாமிரபரணி வந்தால் பாக்கியவான்.

இவ்வளவு மெனக்கெட முடியாதா? அம்மாவின் பித்தளை ஃபில்டர் பரணில்தானே இருக்கு? கரண்ட் வேண்டாம், அழுத்தம் வேண்டாம். கொஞ்சம் பொறுமை போதும். மெஷினோடு அது மட்டும் வராது.