ரிசர்வ் வங்கி எழுதிய ரகசியக் கடிதம்

2022 நவம்பர் 3-ம் தேதி, ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசுவதற்காகவே தனியாகக் கூடியது. வட்டியை ஏற்றுவதா இறக்குவதா என்ற வழக்கமான சமாசாரம் இல்லை. விலைவாசியைச் சொன்ன எல்லைக்குள் வைத்திருக்க ஏன் முடியவில்லை, இனி என்ன செய்யப்போகிறோம், எப்போது சரியாகும் என்ற மூன்றையும் மத்திய அரசுக்கு எழுதித் தரவேண்டும். சட்டம் அப்படி.

கடிதம் போய்ச் சேர்ந்தது. உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் நமக்குச் சொல்லவில்லை. அன்றைய ஆளுநர் சக்திகாந்த தாஸ், அதை வெளியிடும் அதிகாரம் தனக்கு இல்லை என்றார். பையன் ஃபெயிலானால் ரிப்போர்ட் கார்டை அப்பாவிடம் காட்டுவான். இங்கே ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற நம்மிடம் மட்டும்தான் காட்டவில்லை.

கொஞ்சம் பின்கதை. 2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி, பணவீக்கத்துக்கு ஒரு இலக்கு வைத்தார்கள். 4 சதவிகிதம். மேலே 2, கீழே 2 போனால் மன்னிப்பு உண்டு. தொடர்ந்து மூன்று காலாண்டு இந்த எல்லையைத் தாண்டினால் தோல்வி. 2022 ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை சராசரி 6-க்கு மேலேயே நின்றது. இந்தச் சட்டத்தின் கீழ் முதல் ஃபெயில் அதுதான். உண்மையில் 2020-லேயே வந்திருக்க வேண்டியது. லாக்டவுனில் ஏப்ரல், மே மாத விலைகளைச் சரியாகச் சேகரிக்க முடியாததால் அந்த இரண்டு மாதத்தையும் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று முடிவானது. கொரோனா பேட்ச் மாணவர்கள் பாஸான மாதிரி ரிசர்வ் வங்கியும் பாஸ்.

2022-க்கு உக்ரைன் போரைக் காரணம் சொல்வார்கள். கச்சா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கோதுமை எல்லாம் எகிறியது நிஜம். ஆனால் தேதிகளைப் பாருங்கள். 2022 பிப்ரவரி 10-ம் தேதி, வரும் நிதியாண்டில் பணவீக்கம் 4.5 சதவிகிதம் இருக்கும் என்று ரிசர்வ் வங்கி கணித்தது. நாலே நாளில் ஜனவரி மாதக் கணக்கு வந்தது: 6.01. போர் ஆரம்பித்தது 24-ம் தேதி. ஏப்ரலில் கூடியபோதும் ரெப்போ வட்டியில் கை வைக்கவில்லை, அதே 4 சதவிகிதம். அந்த மாதப் பணவீக்கம் 7.79. மே 4-ம் தேதி, அட்டவணையில் இல்லாத ஒரு நாளில், அவசரமாக 0.40 ஏற்றினார்கள். அப்புறம் நிற்கவே இல்லை. 2023 பிப்ரவரிக்குள் 6.5.

வட்டியை ஏற்றினால் விலை எப்படி இறங்கும்? கடன் வாங்குகிறவன் யோசிப்பான். வீடு, கார், ஃபிரிட்ஜ் வாங்குவது தள்ளிப்போகும். கம்பெனிகள் விரிவாக்கத்தை ஒத்திவைக்கும். வாங்க ஆள் குறைந்தால் விற்கிறவன் விலையை ஏற்றத் தயங்குவான். ஆக, இந்த மருந்து வேலை செய்வதே யாரோ ஒருவர் தன் ஆசையை, சில சமயம் வேலையை, இழப்பதன் மூலமாகத்தான். இதைப் பட்டவர்த்தனமாக யாரும் சொல்வதில்லை.

முப்பது லட்சம் வீட்டுக் கடன், இருபது வருஷம், 7 சதவிகிதம் என்றால் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். இரண்டரை சதவிகிதம் ஏறி 9.5 ஆனதும், முப்பது லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,750. புரிகிறதா? பழைய தவணையையே கட்டிக்கொண்டிருந்தால் அசல் ஒரு பைசா குறையாது. மாதம் ஐந்நூறு ரூபாய் அசலோடு சேரும். ஆயுசுக்கும் கட்டினாலும் தீராத கடன்! பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் சத்தமில்லாமல் நீட்டின. ஐம்பது வயதுக்காரருக்கு எழுபத்தைந்து வயது வரை தவணை. வாடிக்கையாளரிடம் தகவல் சொல்லி, தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கேட்க வேண்டுமென ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது 2023 ஆகஸ்டில். வட்டி ஏற்றமெல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து.

சரி, ஏற்றாமலே இருந்திருக்கலாமே என்றால், அதற்கு துருக்கியைப் பார்க்கவேண்டும். அதிபர் எர்டோகனுக்கு ஒரு சொந்த சித்தாந்தம்: வட்டி ஏறுவதால்தான் விலை ஏறுகிறது. சொல்பேச்சு கேட்காத மத்திய வங்கி ஆளுநர்களை மாற்றினார். 2021 செப்டம்பரில் 19 ஆக இருந்த வட்டியை டிசம்பருக்குள் 14-க்கு இறக்கவைத்தார். 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவிகிதம். கடைசியில் 2024 மார்ச்சில் அதே துருக்கி வட்டியை 50-க்கு ஏற்றவேண்டி வந்தது. அமெரிக்காவில் 1979-ல் வந்த பால் வோல்க்கர் நேர் எதிர். வட்டியை 20 வரை கொண்டுபோனார். 14-ஐத் தாண்டிய பணவீக்கம் 1983-ல் 4-க்குக் கீழே வந்துவிட்டது. நடுவில் வேலையில்லாதவர்கள் 10.8 சதவிகிதம். வீடு கட்டுகிறவர்கள் விற்காத மரக்கட்டைகளைத் துண்டு போட்டு அவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டரோடு வந்து வாசலை மறித்தார்கள். வைத்தியத்தைத் தள்ளிப்போட்டால் கத்தி பெரிதாகும் என்பதில் சந்தேகமில்லை. என் புகாரும் வட்டியை ஏற்றியதற்கு அல்ல, தாமதத்துக்கு.

இன்னொரு புகாரும் உண்டு. நம் ஊரில் விலையை ஆட்டிவைப்பது பெரும்பாலும் காய்கறிக் கூடை. 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்த பழைய விலைப் பட்டியலில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் கிட்டத்தட்ட 46 சதவிகித இடம். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டி, சில இடங்களில் இருநூறைத் தொட்டபோது பணவீக்கம் 7.44 ஆனது. ரெப்போ வட்டிக்கும் தக்காளிச் செடிக்கும் என்ன சம்பந்தம்? தமிழக அரசு அப்போது சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. அந்த வாரத்துக்கு அதுதான் நிஜமான பணவீக்கக் கொள்கை. உணவை விட்டுவிட்டு இலக்கு வைத்தால் என்ன என்று 2024 ஜூலையில் பொருளாதார ஆய்வறிக்கையே கேட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தக்காளி ஏறியதும் டீக்கடைக்காரர் வடைக்கு இரண்டு ரூபாய் ஏற்றினார். தக்காளி இறங்கியதும் இறக்கினாரா? தினக்கூலி வாங்குகிறவருக்கு வருமானத்தில் பாதி சாப்பாட்டுக்கே போகிறது. அதை எடுத்துவிட்டு மிச்சத்தை 'விலைவாசி' என்றால் சிரிக்கமாட்டாரா?

2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவிகிதம் என்று அறிவித்தார்கள். விலை குறைந்துவிட்டது என்று உங்கள் தெருவில் யாராவது சொன்னார்களா? விலை ஏறுகிற வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை ஏறியபடியே. அரசு ஊழியருக்கு அகவிலைப்படி வந்துவிடும். ஆட்டோக்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் அதை யார் தருவது?

பிரிட்டனில் இலக்கிலிருந்து ஒரு சதவிகிதப் புள்ளிக்கு மேல் விலகினாலே மத்திய வங்கி ஆளுநர் நிதியமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதவேண்டும். 2007 ஏப்ரலில் மெர்வின் கிங் முதல் கடிதத்தை எழுதினார். 2022-ல் ஆண்ட்ரூ பெய்லி ஒன்றுக்கு மேல் எழுதினார். நிதியமைச்சரின் பதிலையும் சேர்த்து யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம் சட்டத்தில் கடிதத்தை வெளியிடவேண்டும் என்றும் இல்லை, வெளியிடக்கூடாது என்றும் இல்லை. 2022 டிசம்பரில் மக்களவையில் கேட்டபோது அரசு முதல் பாதியை மட்டும் பதிலாகச் சொன்னது.