மேத்யூ பாரிஸை எவ்வளவு நம்பலாம்?

13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி எதைப் படித்தாலும் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் வந்து நிற்கிறார். ரோஜர் ஆஃப் வெண்டோவருக்குப் பிறகு மடத்தின் வரலாற்றை எழுத ஆரம்பித்தவர், 1259 வரை விடவில்லை. மடத்தில் தங்கிப்போன பிரபுக்களும் பிஷப்புகளும் சொன்னது நிறைய. 1247இல் வெஸ்ட்மின்ஸ்டர் விழாவில் மூன்றாம் ஹென்றியே கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, பார்த்ததை எழுதச் சொன்னார்.

அப்படியும் ராஜாவைத் திட்டினார், போப்பின் வசூலையும் திட்டினார். உடனே 'அஞ்சாத பேனா' என்று புகழ்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. யார் மடத்துச் சொத்தில் கை வைத்தாலும் அவருக்குக் கோபம் வரும், அவ்வளவுதான். பிற்காலத்தில் சில வசவுகளை அவரே சுரண்டி, மென்மையாக மாற்றியும் எழுதினார்.

நான் மென்பொருள்காரன். லாக் ஃபைலை யாராவது திருத்தினால் முதலில் பேக்கப்பைத்தான் தேடுவேன். இங்கேயும் அது இருக்கு: திருத்துவதற்கு முன்பே எடுத்த பிரதி ஒன்றில் சில இடங்களின் பழைய வாசகம் தப்பியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், எங்கே பயந்தார் என்று தெரியும். அதுவும் வரலாறுதானே?