முதல் காயில் எது?

டெஸ்லா காயில் செய்யப் புறப்படுபவர் கையில் முதலில் வந்து சேர்வது 'ஸ்லேயர் எக்சைட்டர்' என்ற குட்டிச் சுற்றுதான். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தடை, 12 வோல்ட் போதும். பக்கத்தில் பிடித்த சிஎஃப்எல் விளக்கு கம்பி இல்லாமலே ஒளிரும். செலவும் ஆபத்தும் குறைவு. ஆனால் 1891இல் நிக்கோலா டெஸ்லா காட்டிய கருவியின் உயிர்நாடி இதில் இல்லை.

சாதாரண டிரான்ஸ்ஃபார்மரைப் போலக் கம்பிச் சுற்றுகளின் விகிதத்தால் டெஸ்லா காயிலில் மின்னழுத்தம் ஏறுவதில்லை. முதன்மைப் பக்கத்து மின்தேக்கி, 'ஸ்பார்க் கேப்' என்ற பொறி தாவும் இடைவெளி வழியே சட்டெனக் காலியாகும்; அதே அதிர்வெண்ணுக்கு இசைந்திருக்கும் துணைச் சுருளுக்கு அந்த ஆற்றல் தாவும். முதன்மைப் பக்கத் தேக்குதிறன் 10 நானோஃபாரட், துணைப் பக்கத்தில் 25 பிக்கோஃபாரட் என்றால் விகிதம் 400. அதன் வர்க்கமூலம் 20. இழப்பே இல்லாவிட்டாலும் அதற்குமேல் மடங்கு ஏறாது. ஸ்லேயரில் முதன்மை மின்தேக்கியே கிடையாது. இசைவிக்க ஏதுமில்லாததில் இசைவிக்கக் கற்பது எப்படி?

நியான் பலகை டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் ஸ்பார்க் கேப் காயில்தான் நல்ல ஆசான். முதன்மைச் சுருளில் இணைப்பை அரைச் சுற்று நகர்த்தினால் பொறி நீளும் அல்லது சுருங்கும். பிழையைக் கருவியே காட்டிக்கொடுக்கும். மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வைத்த காயிலிலோ பிழை நேர்ந்த நொடியிலேயே மாஸ்ஃபெட் செத்துவிடும், காரணம் தெரியாது. மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிப் பேச்சே வேண்டாம்: ஏறத்தாழ 2000 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கு மேல் தரும் எமன் அது.

நியான் டிரான்ஸ்ஃபார்மர் 30 மில்லிஆம்பியர்தான் தரும், பயமில்லை என்பார்கள். மின்கசிவு வந்தால் வீட்டு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி துண்டிக்கும் அளவே அந்த 30தான். டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால் உடலில் பாய்வதை அது உணரவும் உணராது. அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கலாம். உயர் அதிர்வெண் மின்சாரம் தோலோடு போய்விடும் என்ற ஆறுதலும் பொய். நரம்பு உணராததால் வலி தெரியாது, சதை வேகும்.

ஆகவே, உயர் மின்னழுத்தத்தில் கைதேர்ந்த ஒருவர் உடனிருந்தால் ஸ்பார்க் கேப். தனியாளுக்கு ஸ்லேயர்தான், ஒரு நிபந்தனையோடு: கிட்டில் வரும் விரல் நீளச் சுருளை ஒதுக்கிவிட்டு, 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 0.4 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை 1000 சுற்று நெருக்கமாகச் சுற்ற வேண்டும். அந்தத் துணைச் சுருள் பின்னால் பெரிய காயிலுக்கு அப்படியே பயன்படும்.