பாதம் சொல்வதும் பந்து கேட்பதும்

திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள கோல்ஃப் திடல், திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் ஆதரவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. ஒன்பதே குழிகள். ஏழு குன்றுகளின் ஊர் என்று சொல்லப்படும் நகரத்துக்கு ஏற்ப மேடும் சரிவுமான நிலம். பந்து போய் நின்ற இடத்தில் இரண்டு பாதமும் ஒரே மட்டத்தில் ஊன்றக் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எந்த ஊரில் கோல்ஃப் கற்கப் போனாலும் முதல் பாடம் சமதளத்தில்தான். பயிற்சியாளர் புல்மேல் இரண்டு குச்சிகளை இணையாகக் கிடத்துவார். ஒன்று பந்திலிருந்து கொடிக்கம்பத்தை நோக்கி, மற்றது கால்விரல் நுனிகளை ஒட்டி. ரயில் தண்டவாளம் மாதிரி என்பார். வெளித் தண்டவாளத்தில் பந்து போகும். உள் தண்டவாளத்தோடு பாதம், முழங்கால், இடுப்பு, தோள் நான்கும் ஒத்து நிற்க வேண்டும். இந்தத் தண்டவாளப் பாடத்தைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். பாடம் சரி, அதற்குச் சொல்லித்தரும் காரணம்தான் பாதி பிசகு. அந்தப் பிசகு ஆட்டக்காரரைப் பல வருடம் அலைக்கழிக்கும்.

முதலில் அதன் பலம். கேரம் ஆடுபவருக்குக் கண்ணும் காயும் குழியும் ஒரே கோட்டில் இருக்கும். துப்பாக்கி பிடிப்பவருக்கும் அப்படித்தான். கோல்ஃபில் அந்த வசதி இல்லை. வலக்கை ஆட்டக்காரருக்குக் குறி இடது தோளுக்கு அப்பால் கிடக்கிறது. தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்க்கும்போதே தோளும் கூடவே கொஞ்சம் திரும்பிவிடும். திரும்பியது அவருக்குத் தெரியாது. ஐந்து பாகை பிசகினால் 150 மீட்டர் தொலைவில் பந்து 13 மீட்டர் விலகிப் போகும். குழி இருக்கும் மழித்த புல்தரையான கிரீனின் நடுவைப் பார்த்து அடித்தது மணல்குழியில் இறங்க அது தாராளமாகப் போதும். கண் ஏமாறும் ஆட்டத்தில், தரையில் கிடக்கும் குச்சி ஏமாறாத சாட்சி.

இரண்டாவது பலம், சமநிலை. பாதங்களைக் குறுக்கி நின்றால் வேகமான வீச்சில் உடம்பு தள்ளாடும். மிதமிஞ்சி விரித்தால் இடுப்பு திரும்ப மறுக்கும். அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1957-இல் வெளியிட்ட ‘ஐந்து பாடங்கள்’ நூலில் வலது பாதத்தை நேராகவும், இடது பாதத்தின் நுனியைச் சுமார் 22 பாகை வெளிப்பக்கம் திருப்பியும் வைக்கச் சொன்னார். வீச்சு முடியும்போது உடம்பு இடது காலின்மேல் சுழன்று போக அந்தத் திருப்பம் வழிவிடுகிறது. முழங்காலில் விழும் முறுக்கும் குறைகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிற்பவர்தான் தன் தவறு எங்கே என்று கண்டுபிடிக்க முடியும். பாதப் பயிற்சியின் பெரிய லாபம் இதுதான்.

இனி குறைகள். முதலும் பெரியதும்: பாதம் பந்துக்குத் திசை காட்டுவதில்லை. உடம்பும் வீச்சும் போகும் பக்கம் பந்து கிளம்பும், மட்டை முகம் பார்க்கும் பக்கம் பிறகு வளையும் என்றுதான் பல தலைமுறைப் பயிற்சியாளர்கள் சொல்லித் தந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரேடார் கருவிகள் பயிற்சித் திடலுக்கு வந்ததும் அது தலைகீழானது. பந்து கிளம்பும் திசையில் நீண்ட அடிக்கான டிரைவர் மட்டைக்கு ஏறக்குறைய 85 சதவீதமும், இரும்பு மட்டைகளுக்கு 75 சதவீதமும் மட்டை முகத்தின் பங்கு. வீச்சின் பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவைத் தீர்மானிக்கிறது. பாதக்கோடு இதில் வீச்சின் பாதையைக் கொஞ்சம் சாய்க்கும், அவ்வளவுதான்.

இது வெறும் ஏட்டுத் தகராறு அல்ல. வலப்பக்கம் வளைந்து போகும் ‘ஸ்லைஸ்’ நோயால் அவதிப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மட்டை முகம் கொடியைப் பார்க்கிறது. வீச்சோ கொடிக்கு நான்கு பாகை இடப்பக்கமாகப் போகிறது. பந்து கொடியை ஒட்டிக் கிளம்பி வலப்பக்கம் வளைகிறது. பழைய பாடத்தை நம்பி அவர் பாதங்களை இன்னும் நான்கு பாகை இடப்பக்கம் திருப்புகிறார். முகத்தைக் கைகள் பழைய இடத்திலேயே பிடித்துக்கொள்கின்றன. இப்போது வித்தியாசம் எட்டு பாகை. வளைவு முன்னைவிட மோசம். மறுபடியும் காலைத் திருப்புகிறார். மருந்தே நோயை வளர்க்கிறது. கடைசியில் அவர் நிற்பதைப் பார்த்தால் பக்கத்துக் குழிக்கு ஆடுகிறாரோ என்று தோன்றும்.

இரண்டாவது குறை, தண்டவாள உவமையிலேயே இருக்கிறது. பாதக்கோடு கொடியைப் பார்க்கவே கூடாது, பந்தின் கோட்டுக்கு இணையாக, கொடிக்குச் சற்று இடப்பக்கம் பார்க்க வேண்டும் என்று கறாராகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதத்துக்கும் பந்துக்கும் இடைவெளி சுமார் 70 சென்டிமீட்டர். கொடி 150 மீட்டர் தூரத்தில் இருந்தால், இணையாக நிற்பதற்கும் கொடியையே பார்த்து நிற்பதற்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய கால் பாகைதான். எந்த மனிதப் பாதமும் அந்த நுணுக்கத்தில் ஊன்றி நின்றதில்லை. ஆனால் கிரீனில் இரண்டு மீட்டர் தூரத்துக் குழிக்குப் பந்தை உருட்டும்போது, பந்துக்கும் பாதத்துக்கும் 40 சென்டிமீட்டர் இடைவெளி என்றால்கூட அதே வேறுபாடு 11 பாகை. நீண்ட அடிக்கு வலியுறுத்தப்படும் விதி, நிஜத்தில் குட்டையான அடிக்குத்தான் வேலை செய்கிறது.

மூன்றாவது: பாதம் கண்ணுக்குத் தெரிகிறது, தோள் தெரிவதில்லை. அதனால் அளக்க எளிதானதையே அளந்துகொண்டிருக்கிறோம். பந்தை வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் குறியின் பக்கமாகத் தள்ளி வைத்துப் பாருங்கள். மட்டையில் தாழப் பிடித்திருக்கும் வலக்கை அதை எட்டப் போகும்போது வலது தோள் முன்னால் வந்துவிடும். பாதங்கள் குச்சியை ஒட்டிப் பிசகாமல் நிற்க, தோள்கோடு மட்டும் இடப்பக்கம் திறந்து கிடக்கும். வீச்சு பெரும்பாலும் தோளையும் முன்கையையும் பின்பற்றும். குச்சிக்குச் சாட்சி சொல்லத் தெரியும். பாதத்துக்கு மேலே நடப்பது அதற்குத் தெரியாது.

ஜாம்பவான்களின் வரலாறும் ஒரே தண்டவாளத்தில் ஓடவில்லை. தென்னாப்பிரிக்காவின் பாபி லாக் குறிக்கு வெகுவாக வலப்பக்கம் பார்த்து நின்று, பந்தை இடப்பக்கம் வளைத்துக் கொண்டுவந்தே நான்கு முறை பிரிட்டிஷ் ஓப்பன் வென்றார். அமெரிக்காவின் லீ ட்ரெவினோ நேர்மாறாக இடப்பக்கம் திறந்து நின்று, வலப்பக்கம் வளைக்கும் அடியால் ஆறு பெரிய பட்டங்கள் எடுத்தார். ஹோகனே நீள மட்டைக்குப் பாதக்கோட்டைக் கொஞ்சம் மூடியும் குட்டை மட்டைக்குத் திறந்தும் வரைபடம் போட்டிருக்கிறார். இவர்களுக்கெல்லாம் பொதுவானது கோடு அல்ல. தங்கள் நிலைக்கு ஏற்ற மட்டை முகத்தை மாறாமல் கொண்டுவரும் பழக்கம்.

நான்காவது குறை கவடியார் மாதிரி நிலத்தில்தான் உறைக்கும். சரிவில் பந்து பாதத்தைவிட உயரத்தில் கிடந்தால் மட்டையின் தண்டு படுத்துவிடும்; பின்சாய்வுள்ள முகம் அதனாலேயே இடப்பக்கம் பார்க்கும். பந்து பாதத்துக்குக் கீழே கிடந்தால் வலப்பக்கம். பின்சாய்வு அதிகமுள்ள மட்டையில் விலகலும் அதிகம். அங்கே பாதக்கோட்டைக் கொடிக்கு இணையாக வைத்து ஒழுங்காக நின்றவர் குறியைத் தவறவிடுவார். தெரிந்தே விலகி நின்றவர் அடைவார். ஏற்றத்தில் நின்று அடித்தால் தோளும் சரிவோடு சாய வேண்டும். இல்லாவிட்டால் மட்டை மண்ணைக் கொத்தும். பயிற்சித் திடலின் செவ்வகப் பாயின் மேல் நின்று கற்றவருக்குப் பாயின் ஓரமே கோடு காட்டிவிடுகிறது. பாய் இல்லாத இடத்தில் அவர் திகைப்பது இயல்பு.

ஆட்ட விதியும் குச்சியைக் கைவிட்டுவிடுகிறது. காலை ஊன்ற உதவியாகத் தரையில் எந்தப் பொருளையும் கிடத்தி வைத்து நிலை எடுக்கக் கூடாது. பிறகு எடுத்துவிட்டாலும் தண்டனை தப்பாது. ஆட்டக்காரர் நிலை எடுக்கத் தொடங்கியபின் அவருடைய மட்டைப்பையைச் சுமக்கும் கேடி பின்னால் நின்று கோடு பார்த்துச் சொல்வதையும் 2019-இல் தடுத்தார்கள். அந்த ஜனவரியில் துபாயில் சீன வீரர் லீ ஹாவ்தாங் இதனால் இரண்டு அடி தண்டனை பெற்று, மூன்றாம் இடத்திலிருந்து பன்னிரண்டாம் இடத்துக்கு இறங்கினார். கடுமை அதிகம் என்று கூச்சல் எழுந்து சில நாட்களில் விளக்கம் தரப்பட்டது. ஆனால் அடிப்படை மாறவில்லை. சரியாக நிற்பது ஆட்டத்துக்கு முந்தைய ஏற்பாடு இல்லை, ஆட்டத்தின் ஒரு பகுதியே என்பது விதியின் கட்சி.

கவடியார் இருக்கும் திருவனந்தபுரத்திலேயே பாதத்தை வேறு விதமாகப் படிக்கும் மரபும் உண்டு. கிழக்கேகோட்டையில் 1956-இல் சி. வி. கோவிந்தன்குட்டி நாயர் நிறுவிய சி.வி.என். களரி என்ற தற்காப்புக் கலைக்கூடத்தைச் சொல்கிறேன். களரியில் முதலில் மெய்த்தாரி, உடம்பைப் பழக்குவது. கோல் கைக்கு வருவது அதற்குப் பிறகு. தமிழில் சுவடு என்றால் கால் பதிந்த தடம். களரியில் சுவடு என்றால் கால் பதியும் முறை. அங்கே பாதம் குறிபார்ப்பதற்கில்லை. எடையைத் தாங்கவும், மாற்றவும், அடுத்த கணத்துக்கு ஆயத்தமாகவும் இருக்கிறது. மெய்யே கண்ணாக வேண்டும் என்பது களரிக்காரர்களின் வழக்கு. ஒப்பீட்டுக்கு எல்லை உண்டு: களரியில் எதிரி அசைவான், கோல்ஃப் பந்து அசையாது. களரியின் குழித்தளமும் 42 அடிக்கு 21 அடி சமதரைதான். ஆனாலும் பாதத்தை அளவுகோலாக இல்லாமல் உணர்வாகக் கற்றுத்தரலாம் என்பதற்கு அது அத்தாட்சி.

ஆகவே குச்சிகளைத் தூக்கி எறிய வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும். பந்துக்குப் பின்னால் நின்று கொடியைப் பாருங்கள். அந்தக் கோட்டில், பந்துக்கு ஓரடி முன்னால், ஒரு காய்ந்த இலையையோ புல் பெயர்ந்த தழும்பையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மட்டை முகத்தை முதலில் அந்த இலைக்கு நேராக வையுங்கள். நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உள்ளங்கால் சொல்வதைக் கேளுங்கள். தேவைப்பட்டால் வேறோர் இலையைத் தேர்ந்தெடுங்கள். தோளைச் சரிபாருங்கள். பாதம் கடைசியாக வந்து ஊன்றட்டும்.