மான் ஈன்ற குழி: வள்ளி பிறப்புக் கதை பற்றிய ஒரு நோக்கு

கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலத்தை விளக்கியோர் அதனைக் களவு மணமாகவோ ஆன்மா இறைவனை அடையும் உருவகமாகவோ கண்டு அமைந்தனர். வள்ளி பிறந்த இடம் போதிய கவனத்தைப் பெறவில்லை. இலக்கியத்தைச் சமுதாய உற்பத்தியோடு இணைத்து நோக்குவோருக்கு அவ்விடமே முதன்மையானதாகும்.

முனிவரின் பார்வையாற் கருவுற்ற மான், வேட்டுவர் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே குழந்தையை ஈனுகின்றது. மானிட உருக் கண்டு மருண்டு அகலுகின்றது. குறவர் தலைவன் நம்பி அதனை எடுத்து வளர்க்கின்றான். கச்சியப்பர் கருவைத் தெய்வீகமாக்கினார், குழியைத் தெய்வீகமாக்கவில்லை. அது கிழங்கு தோண்டி உண்ட மக்களின் உழைப்பு நிலத்தில் விட்டுச்சென்ற தடம். குழந்தையின் பெயரும் அவ்வுழைப்பிலிருந்தே வந்தது.

மலைவாழ் மான்களின் இயல்பும் இங்கு நோக்கற்பாலது. ஈழத்தில் மரை எனப்படும் இனத்தில், ஈனுங்காலத்துப் பிணை தனித்துச் சென்று அடர்ந்த மறைவிடத்தை நாடும். கன்றை அங்கு கிடத்திவிட்டு மேயச் செல்லும், பாலூட்ட மீளும். நல்ல புல் திறந்த வெளியிலும் மறைவு புதரிலும் இருப்பதால், அதன் தேர்வு பசிக்கும் சிறுத்தைக்கும் இடையிலான தேர்வாகும். எனவே, தனித்துக் கிடக்கும் கன்று கைவிடப்பட்ட கன்றன்று. கண்டெடுப்பவனுக்கே அது அவ்வாறு தோன்றும். வள்ளி கதை கண்டெடுத்தவனின் நோக்குநிலையிற் சொல்லப்பட்ட கதை எனலாம். உமறுப்புலவரின் சீறாப்புராணத்து மானுக்குப் பிணை நின்ற படலம் இதற்கு மறுதலையானது. வேடனிடம் அகப்பட்ட மான், நபிகள் பிணைநிற்க, கன்றுக்குப் பாலூட்டச் சென்று சொன்னவாறு மீளுகின்றது. தாயின் பிரிவு துறப்பன்று என்பதை அங்கு மானே பேசுகின்றது.

மலையை மாறாத 'குறிஞ்சி'யாகக் காணும் திறனாய்வு இவ்வேறுபாட்டை உணராது. கலஹாவில் நின்று பார்ப்போர் அவ்வாறு காண இயலாது. இம்மலைகளை முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் விழுங்கின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் காட்டைத் துரைமார் கைக்கு மாற்ற வழிசெய்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அயலிலுள்ள லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1850களில் சாமுவேல் பேக்கர் மத்திய மலைநாட்டில் வேட்டைநாய்களுடன் மரையைத் துரத்திய அனுபவங்களை நூலாக்கினார். துரைமாருக்கு மரை விளையாட்டுப் பொருள். காடு வெட்டப்படவேண்டிய தடை.

அக்காட்டை வெட்டியழித்து மலையைத் தோட்டமாக்கியவை தமிழகத்திலிருந்து வந்த கூலிகளின் கைகள். மானின் மறைவிடம் அழிந்த அதே நிகழ்முறையிலே அவர்களுக்கு லயக் காம்பரா கிடைத்தது. கொழுந்து பறித்த பெண் எங்கே பிள்ளை பெறுவதென்பதை அவள் தேர்ந்துகொள்ளவில்லை, தோட்டம் தீர்மானித்தது. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலையேறியவளை, பாசமற்றவளெனக் கண்டெடுப்போர் கண்ணால் எடைபோடுதல் தவறாகும். மானை அவளுக்கு உவமையாக்குவதும் எம் கருத்தன்று. மான் எதிர்கொள்வது இயற்கையின் நெருக்கடி. அவள் எதிர்கொண்டது மனிதர் படைத்த உற்பத்தி உறவுகளின் நெருக்கடி. முன்னையது மாற்றவியலாதது, பின்னையது மாற்றத்தக்கது.

கதிர்காமத்தில் வள்ளியை வணங்கும் மலையக மக்களின் பக்தியை இவ்வாய்வு குறைத்து மதிப்பிடவில்லை. குழி தோண்டிய கைகளையும் அப்பக்தியோடு சேர்த்து நினைத்தல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.